மெடிக்கல் பாஸான மாப்பிள்ளை

காலை எட்டு மணிக்கு இராமநாதபுரத்தில் பஸ் ஏறினேன். நான் போகவேண்டிய சிக்கல் கிராமம் சுமார் முப்பது கிலோமீட்டர். டிக்கெட் இருபத்தெட்டு ரூபாய். நான் சேலத்துக்காரி, நர்ஸ். வெளிநாட்டு வேலைக்குப் போய்வருகிறவர்களிடம் எச்.ஐ.வி. பற்றிப் பேசுவது என் பிழைப்பு. வழியெல்லாம் கருவேலங்காடு, நடுநடுவே மிளகாய் காயும் களங்கள். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெயில் வறுத்தெடுத்துவிட்டது.

சிக்கல் சமுதாயக்கூடத்தில் இருபது ஆண்கள் இருந்தார்கள். எல்லாரும் சவுதியிலிருந்தும் குவைத்திலிருந்தும் விடுப்பில் வந்தவர்கள். ஆணுறை என்றதும் குனிந்த தலைகள், ரத்தப் பரிசோதனை என்றதும் நிமிர்ந்தன.

“அதெல்லாம் எங்களுக்குப் பழக்கந்தான் சிஸ்டர். விசாவுக்கு மெடிக்கல் பாஸாகாம ஃப்ளைட் ஏத்துவாகளா?” என்றார் சேகர். சவுதியில் லாரி ஓட்டுகிறார். இன்னும் பத்து நாளில் கல்யாணம். “பொண்ணு வீட்டுலயும் அதத்தான் சொல்லிருக்கோம். மாப்ள மெடிக்கல் பாஸுன்னு.”

இந்தப் பக்கம் பெண் கேட்கப் போகும்போது காணி, வீடு என்று சொல்லுகிற வரிசையில் இதையும் சேர்த்துச் சொல்வார்களாம்.

“அதை எப்ப எடுத்தீங்க?”

“போகும்போது. நாலு வருசமாச்சு.”

“அதுக்கப்புறம் நடந்ததை அந்த ரத்தம் எப்படிங்க சொல்லும்?”

கூட்டம் சிரித்தது. சேகர் சிரிக்கவில்லை.

பதினொன்றரைக்கு பஸ் நிறுத்தத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சேகர் பக்கத்தில் வந்து நின்றார்.

“அங்கன ஒரு தடவ தப்பு நடந்துபோச்சு சிஸ்டர். வருசம் ஒண்ணாச்சு. ஒடம்புக்கு ஒண்ணுமில்ல.”

உடம்பில் தெரியாமலே கிருமி பல வருடம் இருக்கலாம் என்றேன். இருந்தாலும் மாத்திரை உண்டு, நன்றாக வாழலாம், மனைவிக்கும் பரவாமல் காக்கலாம். முதலில் தெரிய வேண்டும். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் பரிசோதனை இலவசம், முடிவை வெளியே சொல்லமாட்டார்கள்.

“கல்யாணம் நின்னுபோச்சுன்னா?”

அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. முகம் தெரியாத அந்தப் பெண்ணை நினைத்தால் அவர் மேல் கோபம் வந்தது.

பஸ் வந்ததும் அவரும் ஏறினார். பாதி வழியில் கல்யாணப் பெண்ணுக்கு போன் போட்டார். “மல்லிகா, ரத்தம் டெஸ்ட்டு பண்ணப் போறேன். அந்த மெடிக்கல் பழசு.” பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்தபோது கண் கலங்கியிருந்தது.

“என்ன சொன்னாங்க?”

“இத எங்கிட்ட எப்படிக் கேக்குறதுன்னு தெரியாம, பரிசம் போட்ட நாள்லருந்து தூங்கலையாம். அவளும் ஆஸ்பத்திரிக்கு வாராளாம்.”

இராமநாதபுரத்தில் இறங்கி அவரை மருத்துவமனை வாசலில் விட்டுவிட்டு ரயிலுக்கு நடந்தேன். சேலத்தில் என் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்தார்கள். நான் நர்ஸ். என் கணவரிடம் இப்படி ஒரு பரிசோதனை கேட்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.