கஞ்சிப்பாசியும் நான் விட்ட வரியும்

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில், எங்கள் வீதியில் யாருக்காவது ஆங்கிலத்தில் மருத்துவ அறிக்கை வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். முப்பது வருடம் இரசாயனவியல் படிப்பித்தவன். நான் தமிழில் சொல்வதை யாரும் மறுத்துக் கேட்டதில்லை. என் மனைவியும் கேட்டதில்லை.

அவளுக்கு மார்பில் புற்றுநோய். சத்திரசிகிச்சை முடிந்து முதல்முறை மருந்து ஏற்றியதிலேயே துவண்டுபோனாள். தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. அவளைத் தேற்றுவதற்கு எதையோ தேடியபோது இணையத்தில் ஓர் ஆய்வுக் கட்டுரை கிடைத்தது. கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்த ஒரு சேர்வை புற்றுநோய்க் கலங்களைக் கொல்கிறது என்றது. அவள் பக்கத்தில் இருந்து தமிழாக்கி வாசித்தேன். ஆய்வுகூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த கலங்களில் மட்டுமே பார்த்தது, மனித உடலில் பலிக்குமா என்று தெரியாது என்ற வரி வந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். பல கிழமைக்குப் பிறகு சிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வரியைத் தாண்டிவிட்டேன்.

"எங்கட கடலில கிடக்கிற கஞ்சிப்பாசிதானே இது?"

"ஓம்" என்றேன். அதுவும் பொய். கட்டுரையில் இருந்தது வேறு இனம்.

அடுத்த மருந்து நாளன்று அவள் வெளிக்கிடவில்லை. "எனக்கு உது ஏலாது. பாசி இருக்குத்தானே. நீங்கள்தானே வாசிச்சனீங்கள்."

ஒருமுறைதானே என்று விட்டேன். பிறகு, உண்மையைச் சொன்னால் ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்பாளே என்ற பயம் பிடித்தது. தவணைகள் தவறத் தவற என் வாய் இன்னும் இறுகியது. கிண்ணியாவிலிருந்து பாசி கொண்டுவரும் மீன்காரர் வாசலில் நின்று பகிடி விடுவார். "சேர், இப்பிடியே போனா டொக்டர்மாரும் என்னோட மீன் விக்க வரவேண்டியதுதான்!" அவள் உள்ளேயிருந்து சத்தமாகச் சிரிப்பாள். நான் குசினியில் பாசிக் கஞ்சியைத் துழாவிக்கொண்டு நிற்பேன். அந்த வீட்டில் எந்த அறையிலும் என்னால் இருக்க முடியவில்லை.

நாலாம் மாதம் முதுகு நோவில் அவளால் நிமிர முடியாமல் போனது. அன்று காலை, விட்ட வரியைச் சொன்னேன்.

"ஓட்டோவைக் கூப்பிடுங்கோ" என்றாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த டொக்டர் என் பழைய மாணவர். என்னைக் கண்டதும் எழும்பித் தன் கதிரையைத் தந்தார். படங்களைப் பார்த்துவிட்டு, முள்ளந்தண்டுக்குப் பரவிவிட்டது என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"சேர் வீட்டில இருந்தும் இப்பிடிச் செய்யலாமோ, அம்மா? ஏன் வராமல் விட்டனீங்கள்?"

"இவர் எவ்வளவோ சொன்னவர், தம்பி. நான்தான் பயத்தில கேக்கேல்லை."

டொக்டர் அதை அப்படியே எழுதினார். அவருடைய கதிரையில் இருந்தபடி பேனை நகர்வதைப் பார்த்தேன். எழுதி முடிப்பதற்குள் நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாரி தொடங்குமுன் அவள் இறந்துபோனாள். பிடிவாதத்தால் உயிரை விட்டவள் என்று வீதியில் இன்றும் அவளைத்தான் சொல்கிறார்கள். என்னிடமும் வந்து சொல்கிறார்கள்.