வெயிலம்மா எழுதச் சொன்ன வரி

எங்கள் சலவைக்கூடத்து முதலாளியம்மாவுக்கு வெயிலம்மா என்று பேர். கேலியில் ஆரம்பித்த பேர்தான் அது. முன்பு ஒரு விடுதியோடு ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம் போட்டபோது, "வெயிலில் மட்டுமே உலர்த்தித் தருவோம்" என்று அவரே பெருமையாக ஒரு வரி சேர்க்கச் சொன்னார். இரண்டாம் வருடம் பதினேழு நாள் விடாமல் மழை. வேறு வழியில்லாமல் இயந்திரத்தில் உலர்த்தி அனுப்பினோம். விடுதிக்காரர் அந்த வரியைக் காட்டியே ஒப்பந்தத்தை முறித்துவிட்டார். எட்டுப் பெண்களுக்கு வேலை போனது. அதில் நானும் ஒருத்தி.

வேறொருத்தியாக இருந்தால் முடங்கியிருப்பாள். அவரோ மூன்று மாதம் நாயாய் அலைந்து ஓர் ஆஸ்பத்திரியைப் பிடித்தார். பத்து வருட ஒப்பந்தம். கையெழுத்துப் போடப் போன அன்று துணைக்கு என்னையும் கூட்டிப் போனார். துவைத்த துணி காலை ஆறு மணிக்கு வந்துசேர வேண்டும், இன்ன சோப்பு, இத்தனை விரிப்பு என்று மேலாளர் நாலு பக்கம் டைப் அடித்து வைத்திருந்தார். வெயிலம்மா பேனாவைத் தொடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு தரப்பும் உட்கார்ந்து, இருவருக்கும் சம்மதமானால் இதையெல்லாம் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதச் சொன்னார்.

மேலாளர் சிரித்தார். "மாத்திக்கிட்டே இருக்கலாம்னா இதுக்குப் பேரு ஒப்பந்தமா அம்மா?"

"துணி சுத்தமா இருக்கணும், நோயாளி ஈரத்துல படுக்கக் கூடாது. இந்த ரெண்டையும் கல்லுல வேணாலும் வெட்டிக்குங்க சார். மத்ததெல்லாம் பத்து வருஷத்துல எப்படி ஆகும்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் ஒருதடவை தெரிஞ்ச மாதிரி எழுதிக் கெட்டவ."

இதுவும் கைநழுவினால் எட்டுக் குடும்பமும் என்ன செய்யும்? கடவுளே என்று நின்றேன். மேலாளர் முணுமுணுத்தபடியே எழுதினார். எட்டுப் பேரும் மறுபடி வேலைக்குச் சேர்ந்தோம்.

நான்காம் வருடம் அங்கே தீக்காயப் பிரிவு திறந்தார்கள். எங்கள் சோப்பு அந்தப் பாவப்பட்டவர்களின் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்த முறை உட்கார்ந்தபோது மேலாளரே அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டி, மென்மையான சோப்பும் இரண்டு அலசலும் கேட்டார். குரல் இறங்கியிருந்தது. எழுதினது எழுதினதுதான் என்று வெயிலம்மா முறுக்கிக்கொண்டிருக்கலாம். உடனே சரி என்றார். அலசல் கூடுவதால் துணி வந்துசேரும் நேரம் மட்டும் மாலை நான்கு மணியாகட்டும் என்றார்.

"அதுவரைக்கும் விரிப்புக்கு நான் எங்கேம்மா போவேன்?"

"ஒருநாள் விரிப்பு உங்ககிட்டயே இருப்புல இருக்கட்டும் சார். நான் முன்கூட்டியே தந்துடறேன்."

அவர் தலையாட்டினார். ஆண்டவன் புண்ணியத்தில் இப்போது விடியுமுன்னே ஓடாமல், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறோம். இரண்டு அலசலுக்கு ஆள் போதாமல் போகவே, அந்த மாதமே எட்டுப் பேர் பத்துப் பேரானோம்.