முக்கால் சார் பார்த்த காட்சி

சினிமா விமரிசனத்தை எழுதி முடித்ததும் முக்கால் சார் எங்கள் பத்திரிகையின் பக்க வடிவமைப்பு அறைக்கு வந்து, நின்றபடியே அதை உரக்கப் படிப்பார். கேட்க ஆள் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதில்லை. நடுவில் ஒரு வரி பிடிக்காமல் போனால், "சீ, வழவழன்னு இருக்கு" என்று தன்னையே திட்டிக்கொண்டு அந்த வரியை அங்கேயே அடித்துவிடுவார். நாங்கள் சிரித்துவிட்டால் போச்சு. "என்னய்யா இளிப்பு? ஊரான் படத்தைத் திட்டுறவன் மொதல்ல தன் எழுத்தைத் திட்டணும்" என்பார்.

எந்தப் படத்தையும் அவர் முழுசாகப் புகழ்ந்ததில்லை. "முக்கால்வாசி தேறும்" என்பதுதான் அவரிடமிருந்து வரக்கூடிய உச்சபட்சப் பாராட்டு. பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது. வயது எழுபதைத் தொடுகிறது. மனைவி போய்ச் சேர்ந்துவிட்டார், மகளோடு இருக்கிறார். போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து வலது கை விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. காலையில் மகள்தான் சட்டைக்குப் பொத்தான் போட்டுவிடுகிறாள். அந்தப் பேச்சை யாராவது எடுத்தால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

தியேட்டர் இருட்டில் குறிப்பெடுக்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "நீ குனிஞ்சு எழுதுற நேரத்துல அங்க ஒருத்தன் செத்துப் போயிருப்பான்யா. உனக்கு எப்படித் தெரியும்?" படம் முடிந்து வந்தால் எந்தக் காட்சிக்குப் பின் எது என்று கடகடவென்று சொல்வார். அவருடைய சொத்தும் அந்த ஞாபகம்தான், திமிரும் அதுதான்.

அதற்கு உலை வைத்தது ஓர் அடிதடிப் படம். ஒரு காலத்தில் கொடிகட்டிப் பறந்த மூன்று கதாநாயகர்கள், மூவருமே அறுபதைத் தாண்டியவர்கள், கையில் துப்பாக்கியோடு மறுபடி கிளம்பிவிட்டார்கள். படம் வெளியாவதற்கு முன்பே விமரிசகர்களுக்குத் தனியாகப் போட்டுக் காட்டினார்கள். பத்திரிகைகள் கிழிகிழியென்று கிழித்தன. 'துப்பாக்கிச் சத்தத்தைவிட முட்டிச் சத்தம்தான் அதிகம்' என்றார் ஒருவர். 'ஆளுக்கொரு கைத்தடி கொடுத்திருந்தால் சண்டை இன்னும் எடுபட்டிருக்கும்' என்றார் இன்னொருவர்.

முக்கால் சாரும் சண்டைகளை விட்டுவைக்கவில்லை. ஆனால் ஒரே ஒரு காட்சியைப் பற்றி அரைப் பத்தி உருகி எழுதியிருந்தார். கடைசிச் சண்டைக்குக் கிளம்பும் முன், ஒரு விடுதி அறையில், கை நடுங்கி ஒரு நாயகனால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை. படம் முழுக்க அவனோடு முறைத்துக்கொண்டே இருந்த இன்னொருவன் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் போட்டுவிடுகிறான். 'இதற்காக மூவரையும் மன்னித்துவிடலாம்' என்று முடித்திருந்தார். முக்கால் என்ற சொல்லே அதில் இல்லை. எங்களுக்கெல்லாம் ஆச்சரியம்.

படம் வெளியானது. அப்படி ஒரு காட்சியே அதில் இல்லை.

போன் மேல் போன். "உங்க ஆளு படம் பார்த்தாரா, குறட்டை விட்டாரா?" என்று வாசகர்கள் கேலி செய்தார்கள். ஆசிரியர் எங்கள் அறைக்கே வந்து, எல்லார் முன்னாலும் சொன்னார்: "சார், அது படத்துல நடக்கல. உங்க வீட்டுல நடந்தது." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன மனுஷன் ஐயா இவர்! மறுநாள் வருத்தம் தெரிவித்து ஒரு பெட்டிச் செய்தி போட்டோம்.

முக்கால் சார் காசு கொடுத்துப் போய் அந்தப் படத்தை மறுபடியும் பார்த்தார். அப்புறம் இன்னொரு தடவையும். அந்தத் தனிக் காட்சியில் கூட இருந்த விமரிசகர்களைக் கேட்டார். ஒருவர் இடைவேளையிலேயே எழுந்து போனவர். இன்னொருவர் சொன்னது: "இருந்த மாதிரியும் இருக்கு சார், இல்லாத மாதிரியும் இருக்கு." இவரெல்லாம் ஒரு விமரிசகர்!

"அப்பா, சும்மா ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்ப்பா" என்று மகள் மெல்ல ஆரம்பித்தாள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் படத்தின் எடிட்டிங் அறையில் வேலை பார்க்கும் உதவியாளன் ஒருவன் எனக்குப் பழக்கம். தேடிப் பிடித்துக் கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "இருந்துச்சுண்ணே. உங்க ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டின பிறகுதான் தூக்கினோம். ஹீரோவே சொல்லிட்டாரு, அது என்னைக் கிழவனாக் காட்டுதுன்னு. நான் சொன்னேன்னு தெரிஞ்சா என் வேலை போயிடும்ணே."

நான் நேராக முக்கால் சார் வீட்டுக்கு ஓடினேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். மகள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேவிட்டாள். அவர் மட்டும் என்னை உற்றுப் பார்த்தார்.

"கதை நல்லாத்தான் இருக்கு. பொண்ணு சொல்லிக் கொடுத்தாளா?"

"சத்தியமா சார்!"

"விடுய்யா. அடிதடிப் படத்துல எவன் எவனுக்குப் பொத்தான் போட்டுவிடுவான்? இங்க நடக்கிறதையும் அங்க நடக்கிறதையும் நான்தான் போட்டுக் குழப்பிக்கிட்டேன்."

அந்தப் பையனையே பேச வைக்கலாம் என்று அங்கேயே போன் போட்டேன். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை எடுக்கவில்லை. நான் முக்கால் சாரிடம் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தேன். "எனக்காகப் பொய் சொல்றியே, நல்ல மனசுய்யா உனக்கு" என்று முதுகில் தட்டினார். அதைவிட என்னை நாலு அறை அறைந்திருக்கலாம்.

விமரிசனம் இன்னும் அவர்தான் எழுதுகிறார். இப்போதெல்லாம் படத்துக்குப் போகும்போது என்னையும் கூப்பிடுகிறார். போன வாரம் ஒரு குடும்பப் படம். நாயகி கதவைப் படாரென்று சாத்திவிட்டு வெளியே போனாள். இருட்டில் அவர் கை தடவித் தடவி என் மணிக்கட்டைப் பிடித்தது.

"இப்ப அந்தப் பொண்ணு கதவைச் சாத்திட்டுப் போனா, இல்ல?"

"ஆமா சார்."

"நீயும் பார்த்தே?"

"பார்த்தேன் சார்."

தலையை ஆட்டிக்கொண்டார். அடுத்த காட்சி ஆரம்பித்துவிட்டது. அவர் பிடியை விடவில்லை.