மஞ்சள் பூப் போட்ட போத்தல்

போன வருசம் புரட்டாதி மாசம், இணுவிலிலை எங்கடை வீட்டிலை நடந்தது இது. எழுதவே வெக்கமாக் கிடக்கு. எண்டாலும் எழுதத்தான் வேணும்.

என்ரை மனுசன் வெங்காயத் தோட்டக்காரர். விடிய முன்னம் தோட்டத்திலை நிக்கிற ஆள், திடீரெண்டு கட்டிலாலை எழும்பாமல் விட்டிட்டார். சாப்பாடில்லை, கதையில்லை. என்னப்பா எண்டு கேட்டால் "ஒண்டுமில்லை"தான் பதில். ஆசுப்பத்திரியிலை காட்ட, மனச்சோர்வு எண்டு சொல்லிக் குளிசை குடுத்தினம். வேலை செய்யக் கொஞ்ச நாள் எடுக்கும், பொறுமையா இருங்கோ எண்டும் சொன்னவை.

பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம். அதோடை பயம் வேறை. விசருக்கு, பைத்தியத்துக்கு மருந்து குடிக்கிறார் எண்டு சனம் கதைச்சால் மகளின்ரை கலியாணப் பேச்சு என்னாகிறது? ஆர் கேட்டாலும் "பிறஷருக்குக் காட்டிறம்" எண்டு சமாளிச்சன். குளிசையை அரிசி வாளிக்குப் பின்னாலை ஒளிச்சு வைச்சன்.

ஜெர்மனியிலை இருக்கிற என்ரை தங்கச்சிக்கு மட்டும் சொல்லி அழுதன். அவள் அனுப்பின பாசலிலை சொக்கிளேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவிலை ஒரு போத்தல் குளிசை. மேலை மஞ்சள் பூப் படம். "அக்கா, இது மூலிகை. மனச்சோர்வுக்கு இஞ்சை சனம் கடையிலை வாங்கிக் குடிக்குது" எண்டு போனிலை சொன்னாள். எனக்குச் சந்தோசம் பிடிபடேல்லை. மூலிகை, அதுவும் வெளிநாட்டு மூலிகை! இவரிட்டை "விற்றமின்" எண்டு சொல்லி, ஆசுப்பத்திரிக் குளிசையோடை சேர்த்து விடிய ஒண்டு, பின்னேரம் ஒண்டு குடுத்தன்.

அஞ்சாறு நாளிலை அவருக்குக் கை நடுங்கத் தொடங்கிச்சு. வேர்வை ஊத்துது. ஒரு இடத்திலை இருக்கேலாமல் எழும்பி எழும்பி நடக்கிறார். காய்ச்சலாக்கும் எண்டு கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தன். கால் விறைச்சு வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கின பிறகுதான், ஐயோ எண்டு ஓட்டோ பிடிச்சு ஆசுப்பத்திரிக்கு ஓடினன்.

"வேறை மருந்து ஏதும் குடிக்கிறவரோ?" எண்டு டொக்டர் கேட்டார். இல்லை எண்டன். பிறகு நேர்ஸும் கேட்டா. அப்பவும் இல்லைதான். பொய் சொன்னனான் எண்டு நினையாதேங்கோ. மூலிகை மருந்தில்லை எண்டுதான் நான் உண்மையாவே நினைச்சிருந்தன்.

கேளுங்கோ கூத்தை. அவரை ஆசுப்பத்திரியிலை தங்க வைச்சிட்டினம். அண்டு பின்னேரம், நேரம் தப்பக்கூடாதெண்டு, வாட்டிலையே கஞ்சியோடை அந்த விற்றமினையும் குடுக்கப் போனன்! நேர்ஸ் கண்டிட்டா. போத்தலை வாங்கிப் பார்த்தா. ஏசப்போறா எண்டு நான் ஒடுங்கிப்போய் நிக்க, கதிரையை இழுத்து என்னை இருத்திப்போட்டு டொக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தா.

"அம்மா, சோர்வு கடுமையில்லாத சிலருக்கு இது உதவும்தான். உதவுறதெண்டால் இதுவும் மருந்துதானே? ஐயாவின்ரை குளிசையோடை இது சேரவே கூடாது. அதாலைதான் இந்த நடுக்கம். இன்னும் குடுத்திருந்தால் உயிருக்கே ஆபத்து" எண்டார் டொக்டர். ரெண்டையும் நிப்பாட்டி, சேலைன் ஏத்திச்சினம். நான் சீலைத் தலைப்பாலை வாயைப் பொத்திக்கொண்டு அழுதன்.

"ஐயா, இது என்னவெண்டு உங்களுக்குத் தெரியாதோ?" எண்டு நேர்ஸ் இவரிட்டைக் கேட்டா.

"விற்றமின் இல்லை எண்டு தெரியும் பிள்ளை. இவவின்ரை தங்கச்சி போனிலை சொன்னது எனக்கும் கேட்டது. நான் குடிக்காட்டி இவ இன்னும் பயப்பிடுவா. அதுதான் குடிச்சன்."

அத்தினை நாளிலை அவர் கதைச்ச ஆக நீளமான கதை அதுதான்.

மூண்டு நாளிலை நடுக்கம் நிண்டுது. டொக்டர் இடைவெளி விட்டுக் குளிசையைத் திரும்பத் தொடங்கினார். மாசங்கள் போக, மெல்ல மெல்லத் தேறித் தோட்டத்துக்கும் போறார். இப்ப கிளினிக் நாளிலை, அவர் விழுங்கிற எல்லாத்தையும், கொத்தமல்லி சுத்தின கடதாசிச் சரை உட்பட, ஒரு பையிலை போட்டுக் கொண்டுபோய்க் காட்டுறன். நேர்ஸ்மார் சிரிப்பினம், சிரிக்கட்டும். என்ன வருத்தம் எண்டு ஆர் கேட்டாலும் மனச்சோர்வு எண்டே சொல்லுறன். மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவைக்கும் அதைத்தான் சொன்னன்.

எண்டாலும், தெரிஞ்சுகொண்டே என்ரை கையாலை அதை வாங்கி விழுங்கின அவரின்ரை முகம் இன்னும் கண்ணுக்குள்ளை நிக்குது. அவரைச் சுகப்படுத்த நான் பட்ட அவசரத்திலை, அந்தச் சோர்வுக்குள்ளை கிடந்தும் என்னைத் தேற்ற அவர் பட்ட பாட்டை நான் காணவேயில்லை.