அண்ணையின் அமெரிக்க நீதிபதி

எண்பதுகளின் கடைசியில், வால்தம்ஸ்டோவில் ஒரு துணிக்கடைக்கு மேல் நான் சொலிசிட்டர் அலுவலகம் திறந்தபோது என் அண்ணையையும் சேர்த்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் பெயரெடுத்த வழக்கறிஞர் அவர். லண்டனில் அந்தப் பட்டம் செல்லாது; ஆனாலும் அகதிகளின் மேன்முறையீடுகளில் பேச இடமிருந்தது. நன்றாகத்தான் பேசுவார், அந்த நீதிபதி நடுவில் வராதவரை.

நீதிபதி அப்போது அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இருந்தவர். அண்ணை அவரை நேரில் கண்டதில்லை. மாணவனாக இருந்தபோது அவருடைய தீர்ப்பொன்றைப் படித்து மயங்கியதுதான். நீதிபதி சப்பாத்துக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தது, திக்குவாயோடு சட்டம் படித்தது, ஏழைகளுக்காக வாதாடித் தோற்றது, உச்ச நீதிமன்றம் போன பிறகும் மற்றவர்களோடு ஒத்துப்போகாமல் மாறுபட்ட தீர்ப்புகளாகவே எழுதியது எல்லாவற்றையும் லண்டனில் தங்க விசா கேட்டு வருகிறவர்களுக்கு அண்ணை சொல்வார். அவர்கள் தங்கள் கதையைச் சொல்லக் காத்துக்கொண்டிருப்பார்கள்.

இல்ஃபோர்டிலிருந்து ஒரு அக்கா வந்தார். இராணுவ முகாமில் வைத்து அடித்த தழும்புகள் முதுகில் இருந்தன. மூன்று பேர் கொண்ட தீர்ப்பாயத்தில் விசாரணை. இன்றைக்கு மட்டும் அமெரிக்கா வேண்டாம் என்று ரயிலில் அண்ணையிடம் கெஞ்சினேன். ஓம் என்றார். எழுந்து பேசத் தொடங்கிய சற்று நேரத்திலேயே நீதிபதியின் பிள்ளைப்பருவத்துக்குப் போய்விட்டார். தலைவர் மிகப் பணிவாக, அந்தக் கனவான் இந்த வழக்கில் சாட்சியா என்று கேட்டார். அண்ணை அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

தீர்ப்பு வந்தது. இருவர் மறுத்திருந்தார்கள், ஒருவர் மட்டும் எங்கள் பக்கம். அண்ணை முகமெல்லாம் மலர அந்த ஒருவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பை உரத்து வாசித்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு விசா கிடைச்சிட்டுதோ, தங்கச்சி?"

"இல்லை அக்கா. தோத்திட்டம்."

"பிறகேன் உங்கட அண்ணை சிரிக்கிறார்?"

அக்கா போனபின் எனக்குப் பொறுக்கவில்லை. "உங்கட நீதிபதி தோத்தாலும் பின்னேரம் தன்ர வீட்டுக்குப் போவார். இவ எங்க போறது?" என்று கேட்டேன். அண்ணை கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அதன்பிறகு வாரக்கணக்கில் அலைந்து, தழும்புகளைப் பரிசோதித்து அறிக்கை தர ஒரு டாக்டரைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். நாங்கள் முறையிட, மேல்நீதிமன்றம் வழக்கைத் தீர்ப்பாயத்துக்கே திருப்பி அனுப்பியது. மறு விசாரணையில் அந்த அறிக்கையை வைத்தே அக்காவுக்கு விசா கிடைத்தது.

இல்ஃபோர்டில் விருந்து வைத்தார்கள். வென்றதெல்லாம் நீதிபதியின் சிந்தனையால்தான் என்று அண்ணை எழுந்து நின்று ஆரம்பித்தார். டாக்டரைப் பற்றி ஒரு சொல் இல்லை, தான் அலைந்ததைப் பற்றியும் இல்லை. சப்பாத்துக் கடை வந்தபோது அக்கா அவருடைய தட்டில் இன்னும் சோறு போட்டு, "முதல்ல சாப்பிடுங்கோ அண்ணை" என்றார். சாப்பிட்டுக்கொண்டே தொடர்ந்தார்.

அடுத்த மாதம் நீதிபதி ஓய்வு பெற்றார். அண்ணை செத்தவீடு நடந்ததுபோல வேலைக்கு வராமல் வீட்டில் இருந்துவிட்டார். அவருடைய வழக்குகளுக்கும் நானே ஓடினேன்.