தேயிலைப் பெட்டியில் அப்பா அடித்த ஆணி

போன மாதம் புக்கிட் செந்தோசாவில் என் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். பாட்டுக் குழுவில் ஒரு பையன் மரப்பெட்டி ஒன்றைத் தரையில் வைத்து, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து, முன்பலகையைக் கையால் தட்ட ஆரம்பித்தான். இடைவேளையில் போய் விசாரித்தேன். "இதுக்குப் பேரு கஹோன், ஆண்ட்டி. பெரு நாட்டு சாமான்" என்றான். உள்ளே கம்பி கட்டியிருப்பதால்தான் அந்தச் 'சர்ர்' வருகிறதாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரு எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாத வயதில் நான் அதைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். இப்போது உட்கார்ந்தால் தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும், அது வேறு கதை.

என்னுடையது தேயிலைப் பெட்டி. எண்பதுகளில் கடைகளுக்குத் தேயிலை ஒட்டுப்பலகைப் பெட்டிகளில் வரும், ஓரமெல்லாம் தகரப்பட்டை அடித்து. புக்கிட் ரோத்தானில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். துணி போட்டுவைக்கத்தான் வாங்கினேன். அந்த வருடம் முழுக்க என் உடுப்பெல்லாம் தேயிலை வாசம். அதில் ஒரு பக்கப் பலகையின் மேல் ஓரம் ஆணி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் உள்ளங்கையால் அடித்தால் 'தும்'. அந்த ஓரத்தில் விரலால் தட்டினால் 'சர்ர்'. அன்றே துணிகளை வெளியே எடுத்துப் போட்டுவிட்டேன்.

அப்போது நானும் பக்கத்து வீட்டுச் சாந்தியும் நாங்கள் குடியிருந்த செம்பனை எஸ்டேட்டிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தோம். ரேடியோவுக்கு உள்ளே வைக்கும் பொடிப்பொடி சாமான்களை வெட்டி ஒட்டும் வேலை. பஸ்ஸில் சாந்தி பாடுவாள், நான் சாப்பாட்டு டப்பாவில் தட்டுவேன். சொற்கட்டெல்லாம் எங்களுக்கு யார் சொல்லித்தருவார்கள்? பக்கத்து ஊர்ப் பெயர்களையே வைத்துக்கொண்டோம். நிதானமான நான்கு தட்டுத் தாளத்துக்குப் புக்கிட் ரோத்தான், ஓட்டமான நான்குக்கு அசாம் ஜாவா. மூன்றுக்குத்தான் ஊர் கிடைக்கவில்லை. நான் விடாமல் தட்டுவதைக் கேட்டுச் சலித்துப்போய் ஒருநாள் சாந்தி, "போதும்லா" என்றாள். போ, தும், லா. மூன்றும் கிடைத்துவிட்டது.

பொங்கலுக்கு எஸ்டேட் மண்டபத்தில் கலைநிகழ்ச்சி. சாந்தி பாட, நான் வாசிப்பதாகப் பெயர் கொடுத்துவிட்டோம். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு விஷயம் போனது. "பொட்டப்புள்ள பெட்டி மேல கால அகட்டி உக்காந்து தட்டுறதா? லயத்து வீட்டு சனங்க முன்னால நான் தல காட்ட வேணாமா?" என்றார். அதோடு என்னிடம் பேச்சையே நிறுத்திவிட்டார். பிடிவாதத்தில் நான் அவர் மகள்தான். தொளதொளவென்று ஒரு பஞ்சாபி சூட் தைத்துக்கொண்டேன். அவர் பேசாத மூன்று மாதமும் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, உள்ளங்கை காய்த்துப்போகும்வரை பழகினேன்.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் ஓவர்டைம் முடிந்து வந்து பார்த்தால், பெட்டி பச்சையாக இருக்கிறது. லோரிக்கு அடித்த பெயிண்டில் மிச்சம். அப்பா கையிலும் பச்சை. "பலக ஆடிக்கிட்டிருந்துச்சும்மா. சுத்தி ஆணி அடிச்சிட்டேன். மேடைக்குப் போற சாமான் நல்லா இருக்க வேணாமா?" என்றார். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. தட்டிப் பார்த்தேன். தொப், தொப். பெட்டிக்குக் குரலே போய்விட்டது. "நல்லாருக்குப்பா" என்றேன். ஆணியைப் பிடுங்கினால் அப்பா மனசு உடைந்துவிடும். பிடுங்காவிட்டால் அத்தனை பேர் முன்னால் மானம் போய்விடும்.

மறுநாள் காலை அவர் குளிக்கப் போன நேரத்தில், மேல் ஓரத்து ஐந்து ஆணிகளைக் குறடால் பிடுங்கினேன். தலைகளை மட்டும் நறுக்கி, சைக்கிள் டியூப் ஒட்டும் பசையால் அதே ஓட்டைகளின் மேல் ஒட்டி, பச்சையும் தொட்டுவைத்தேன். ஃபேக்டரியில் கற்ற கைவேலை. என் வாசிப்பைவிட இதைப் பற்றித்தான் எனக்குப் பெருமை அதிகம்.

அன்று மத்தியானம் மண்டபத்தில் முதல் 'சர்ர்' எழுந்ததும் கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். பாட்டு பாதியைத் தாண்டுவதற்குள் கூட்டமே கைதட்டித் தாளம் போட்டது. மூன்றாம் வரிசையில் அப்பா பக்கத்திலிருந்த, வேலையாட்களை மேய்க்கும் மண்டோரை முழங்கையால் இடித்து, "எம் மக" என்றது உதட்டசைவில் தெரிந்தது. அப்புறம் ஊரெல்லாம் அவருக்கு ஒரே பேச்சுதான். "நான் அடிச்ச ஆணிதான்யா. அதுக்கப்புறந்தான் சத்தமே வந்துச்சு."

சில வருடம் கழித்து எஸ்டேட்டை விற்றார்கள். வீடு காலி செய்த அன்று அப்பாதான் பெட்டியை லோரியில் ஏற்றினார். ஓரத்தைப் பிடித்துத் தூக்கும்போது ஒரு ஆணித்தலை அவர் கட்டைவிரலோடு வந்துவிட்டது. அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்று சாயந்திரமே புது வீட்டில் சாமான் இறக்க உதவிய ஆட்களிடம், "எம் மக நல்லா வாசிப்பா. நான்தான் ஆணி அடிச்சுக் குடுத்தேன்" என்றார், என் பக்கம் திரும்பாமல்.

இன்று அந்த லயத்து வீடுகளும் மண்டபமும் இருந்த இடத்தில் வரிசையாக மாடி வீடுகள். பெட்டியைக் கரையான் தின்றுவிட்டது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். தெரிந்தே அந்தப் பொய்யை எனக்காக அவ்வளவு பெருமையாகச் சொல்ல இப்போது யாரும் இல்லை.