ராட்டினமும் என் தையல் மெஷினும்

என் கொழுந்தனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "சுத்தி வர்ற வேலை" என்று சொல்லிவிடுவேன். அதில் பொய் இல்லை. கையில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு ஒரு தண்ணீர் பம்பையோ காற்றாடியையோ சுற்றிச் சுற்றி வருவான். குனிவான், நிமிர்வான், எட்டிப் பார்ப்பான். அந்தப் பொருளின் உருவத்தை ஃபோனுக்கு மனப்பாடம் செய்துவைக்கிறானாம். பிறகு யார் ஃபோனை நீட்டினாலும் பொருளை அது அடையாளம் கண்டுகொண்டு, திரையில் அதன் மேலேயே அம்புக்குறி போட்டு எதை எங்கே திருகுவது என்று காட்டும். வீட்டில் அவனுக்கு ராட்டினம் என்று பெயர் வந்தது இப்படித்தான். வைத்தது நான்.

இதற்கு முன்னால் காப்பீடு விற்கப் போனான். சாவைப் பற்றி யாரிடமும் பேசக் கூச்சப்பட்டுத் திரும்பி வந்தான். உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தான். இந்த வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை. இதுவும் போனால் என் வீட்டுக்காரரின் டயர் கடையில்தான் உட்கார வேண்டும். அண்ணனும் தம்பியும் ஒரே கடையில் என்றால் பகலெல்லாம் சண்டை, ராத்திரிச் சாப்பாட்டில் ஆளுக்கொரு பஞ்சாயத்து. அவனுக்குப் பிழைப்புக் கவலை, எனக்குக் காது கவலை.

அவன் வேலை நிரந்தரமாவது ஒரு தையல் மெஷின் கம்பெனிக்கு இதைச் செய்துகாட்டி ஜெயிப்பதைப் பொறுத்து இருந்தது. மெஷினுக்கு நேரே ஃபோனை நீட்டினால் நூல் கோர்க்கிற வழி அம்புக்குறியாகத் தெரிய வேண்டும்.

"கம்பெனி குடுத்த புது மெஷின் வெள்ளையா மொழுமொழுன்னு இருக்கு அண்ணி. ஃபோனுக்குப் பிடிமானமே இல்ல. உங்களோடதும் அதே மாடல்தானே?" என்று வந்து நின்றான்.

என் மெஷினை வெள்ளை என்று சொல்ல மனசாட்சி இடம் தராது. கழுத்தில் எண்ணெய்க் கறை. வயிற்றில் பாதி கிழிந்த பூ ஸ்டிக்கர். அதைச் சுற்றி என் மகள் நகப்பூச்சால் வைத்த சிவப்புப் புள்ளிகள். ராட்டினம் சுற்ற ஆரம்பித்தான்.

"அண்ணி, தள்ளுங்க. உங்க நிழல் விழுது."

"என் வீட்டுல என் நிழல் வேற எங்கடா விழும்?"

சுற்றி முடித்து ஃபோனை நீட்டினான். உடனே அம்புக்குறி வந்து ஊசிக்கு நேராக நின்றது. அவன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். அந்த மெஷினையே ஆபீசுக்கு எடுத்துப்போவதாகவும், நிஜமாகவே தைக்கிற ஆள் வேண்டும் என்பதால் நானும் வர வேண்டும் என்றும் சொன்னான்.

மெஷினைக் கடை வண்டியில் கொண்டுவரும் பொறுப்பு என் வீட்டுக்காரருக்கு. பிறந்ததிலிருந்து ஒரு டம்ளர் கழுவியறியாத மனிதர். ஆனால் அவர் கடையில் ஒரு சட்டம் உண்டு. எந்த டயரும் மினுக்காமல் வாசலைத் தாண்டாது.

ஆபீசில் மேனேஜரம்மா ஒரு பக்கம், மெஷின் கம்பெனிக்காரர் ஒரு பக்கம். நடு மேஜையில் என் மெஷின், அதன் பக்கத்தில் கம்பெனியின் புது மெஷின். ராட்டினம் என் மெஷினுக்கு நேரே ஃபோனை நீட்டினான். 'தேடுகிறது' என்றது திரை. இடப்பக்கம் போனான், வலப்பக்கம் வந்தான். மறுபடியும் 'தேடுகிறது'. எங்கள் மெஷினை முன்பின் பார்த்தே இராதது போல முழித்தது ஃபோன்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கறை இல்லை, பூ இல்லை, புள்ளி இல்லை.

"இதை யார் துடைச்சது?"

"நான்தான்" என்றார் என் வீட்டுக்காரர், கதவோரம் நின்று சிரித்துக்கொண்டு. "பெட்ரோல் போட்டுத் தேய்ச்சேன். பாரு, மூஞ்சி தெரியுது."

"உங்க மூஞ்சியைப் பாக்கவா இத்தனை பேர் வந்திருக்கோம்?"

மேனேஜரம்மாவிடம் பழியை இவர் தலையில் போட்டுவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். ராட்டினம் முந்திக்கொண்டான்.

"அண்ணன் துடைக்கலைன்னா இப்ப வேலை செஞ்சிருக்கும் மேடம். ஆனா ஃபோன் மெஷினைக் கண்டுபிடிக்கல, அழுக்கைத்தான் கண்டுபிடிச்சிருக்கு. புது மெஷின்ல தடுமாறுற ஃபோன் அண்ணி மெஷினை மட்டும் ஏன் உடனே பிடிச்சுதுன்னு நான் யோசிக்கவே இல்ல. தப்பு என்மேலதான்."

"அப்ப எங்ககிட்ட வாங்கறவங்க முதல்ல மெஷினை அழுக்காக்கணுமா?" என்றார் கம்பெனிக்காரர்.

"அதுக்கு ஆள் வேணும்னா என் பொண்ணை அனுப்பறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். மேனேஜரம்மா சிரிக்கவில்லை.

"சரி, இப்ப என்ன பண்ணப் போற?" என்று அவனைக் கேட்டார்.

அவன் இரண்டு மெஷினையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கீழே கிடந்த அட்டைப்பெட்டியிலிருந்து கட்டமும் எழுத்துமாக அச்சடித்த ஒரு துண்டைக் கிழித்து, புது மெஷினின் வயிற்றில் ஒட்டினான். சுற்றினான். ஃபோனை நீட்டினான். அம்புக்குறி ஊசிக்கு நேராக வந்து நின்றது. நான் அது காட்டிய வழியில் நூலைக் கோர்த்து ஒரு தையல் போட்டேன்.

"எல்லா மெஷின்லயும் ஒரே இடத்துல ஒரே படம் ஒட்டி வித்தாப் போதும் சார். ஃபோன் அதைப் பிடிச்சுக்கும்" என்றான்.

கம்பெனிக்காரர் தலையாட்டினார். மேனேஜரம்மா எழுந்தார். "வேலை உனக்குத்தான். ஆனா ஏன் நடந்துச்சுன்னு தெரியாத எதையும் இனிமே என் மேஜைக்குக் கொண்டு வராத."

திரும்பும்போது வண்டியில் என் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தவே இல்லை. தான் துடைத்ததால்தான் தம்பிக்கு வேலை நிலைத்ததாம்.

அப்புறம் ஒரு நாள், ஸ்டிக்கர் ஒட்டிய மெஷின் ஒன்று சோதனைக்காக எங்கள் வீட்டுக்கு வந்தது. நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறேன், இவர் நகம் ஸ்டிக்கரின் ஓரத்தில் இருக்கிறது.

"கோணலா இருக்குடி. பிச்சிட்டு நேரா ஒட்டிடறேன்."

கரண்டியோடு போய் அந்தக் கையில் ஒன்று வைத்தேன்.

"எடுங்க கையை. அது உங்க தம்பியோட சோறு."